எங்கள் பிள்ளைகளைப் படிக்க வருபவர்களுக்கு

கேரளத்துப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் குழந்தை உளவியலும் வளரிளம் பருவ உளவியலும் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர்களுக்கும், ஆய்வேட்டுக்காக மூணாறு வண்டி ஏறுகிற மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

தேவிகுளம் தாலுகாவில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ்வழி எல்.பி. பள்ளியில் நான் ஆசிரியை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடத்து ஆயா கையில் வளர்ந்து, டி.டி.சி. ஆசிரியப் பயிற்சி முடித்து, திரும்பவும் லயத்துப் பிள்ளைகளுக்கே எழுத்துச் சொல்லித்தர வந்தவள். உங்கள் மாணவர்கள் கேள்வித்தாள் கட்டோடு வந்து இறங்கும்போது தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிடுவார்: "டீச்சர், அவங்களுக்குக் கொஞ்சம் தமிழ்ல கேட்டுச் சொல்லுங்க." வருடக்கணக்கில் அப்படிக் கேட்டுச் சொன்னதில் சேர்ந்த பேச்சு இது.

வராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. வாருங்கள். ஆனால் தமிழ் தெரிந்தவர்களாக வாருங்கள், ஒரு நாளுக்கு வராமல் வருடங்களுக்கு வாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இப்போது நடப்பது இப்படி. டிசம்பர் ஜனவரியில் ஒரு வேன் வரும். அதில் வரும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், மரியாதை தெரிந்தவர்கள். காலையில் வந்து, மதியச் சோற்றுக்குள் ஒரு வகுப்பை முடித்து, நாலு மணிக்குள் மலை இறங்கியாக வேண்டும் அவர்களுக்கு. மலையாளத்தில் ஒரு கேள்வி, என் வாயில் அது தமிழாகி, பிள்ளை வாயிலிருந்து தமிழாக ஒரு பதில், என் வாயில் அது மலையாளமாகி, கடைசியில் தாளில் ஆங்கிலத்தில் ஒரு எண். பிறகு எங்காவது ஓர் அறிக்கையில் 'மொழி வளர்ச்சி வயதுக்கு ஏற்றதாக இல்லை' என்று வரும். அதன் நகல் பள்ளிக்கு வருவது அபூர்வம். வந்தால் அந்த வரி பிள்ளையின் கூடவே அடுத்த பள்ளி வரைக்கும் போகும்.

ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டபோது வாயைத் திறக்கவே இல்லை. தாளில் பூஜ்ஜியம். அதே பையன் அன்று மதியம் என்னிடம், எந்த நம்பர் தேயிலைக் காட்டில் கவாத்து (செடி வெட்டு) நடக்கிறது, மருந்து அடித்த காட்டுக்கு ஏன் ஆட்டை ஓட்டக் கூடாது, பக்கத்து டிவிஷனில் யானை எந்த வழியாக இறங்கியது என்று மூச்சு விடாமல் சொன்னான். காரணமும் விளைவும் நிபந்தனையும் அந்தப் பேச்சில் இருந்தன. உங்கள் படத்தாளில் இருந்தது ரயில். 1924 வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துக்கொண்டு போன பிறகு மூணாற்றில் ரயில் கிடையாது, இடுக்கி மாவட்டத்திலேயே கிடையாது. போனில் பார்த்திருப்பான்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் பேனாவைப் பிடித்தபடி கேட்கும்போது, தெரிந்ததைக்கூட எங்கள் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று லயத்தில் சொல்லி வளர்த்திருக்கிறோம்.

இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. உங்கள் புத்தகங்களிலேயே இருக்கிறது. லைபீரியாவில் கிபெல்லே மக்களிடம் பொருள்களை வகைப்படுத்தச் சொன்னபோது, அவர்கள் கத்தியைப் பழத்தோடு சேர்த்து வைத்தார்கள். அறிவுள்ளவன் அப்படித்தான் வைப்பான் என்றார்கள். சரி, முட்டாள் எப்படி வைப்பான் என்று கேட்டதும், கருவிகளைத் தனியாகவும் உணவைத் தனியாகவும் அடுக்கினார்களாம், ஆய்வாளர் எதிர்பார்த்தபடியே. பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளைப் பற்றிய 1985 ஆய்வும் அப்படித்தான். வியாபாரத்துக்கு நடுவில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாகச் சொன்னவர்கள், அதே கணக்கை எண்ணும் குறியுமாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகப் போட்டார்கள். எங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர், அம்மா அடிப்படைக் கிலோவுக்கு மேல் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார், அதற்கு எவ்வளவு கூடுதல் காசு என்று சம்பளத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கை யாரும் கேட்டதில்லை.

முன்னணி உளவியல் இதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 விழுக்காடு பேர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே இருக்கும் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஹென்ரிக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2010-இல் எடுத்துக் காட்டினார்கள். இதை நீங்கள் வகுப்பில் பாடமாகவே எடுக்கிறீர்கள். அமெரிக்காவுக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள தூரம் தெரிகிற கண்ணுக்கு, திருவனந்தபுரத்துக்கும் எங்கள் லயத்துக்கும் உள்ள தூரம் ஏன் தெரியாமல் போகிறது?

மொழி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கற்றல் குறைபாடு' என்ற முத்திரை பெரும்பாலும் அங்கிருந்துதான் விழுகிறது. மலையாளத்தில் க வரிசையில் நான்கு வல்லின எழுத்துகள்; தமிழில் ஒன்றே ஒன்று. ச, ட, த, ப எல்லாம் அப்படியே. தமிழ்ப் பிள்ளை 'காகம்' என்று சொல்லும்போது முதல் க-வையும் நடு க-வையும் இரண்டு விதமாக உச்சரிக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே எழுத்து என்றுதான் அதன் காது வளர்ந்திருக்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரியும். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் ட-வையும் த-வையும் பிரித்துக் கேட்கின்றன. ஒரு வயது ஆவதற்குள் அந்தத் திறன் குறைந்துவிடுகிறது. காது தன் தாய்மொழிக்குப் பழகிக்கொள்கிறது. இது குறை இல்லை, வளர்ச்சி. அப்படியிருக்க, ஆறு வயதுத் தமிழ்ப் பிள்ளை மலையாளச் சொல்லெழுதலில் ப வரிசையின் நான்கு எழுத்துகளையும் மாற்றிப் போட்டால், 'ஒலி வேறுபாடு அறிவதில் சிக்கல்' என்று எழுதுகிறீர்கள். அதே பிள்ளையிடம் தமிழில் ல, ள, ழ சொல்லச் சொல்லிப் பார்த்தீர்களா? ர, ற? தாய்மொழியிலும் அந்தச் சிக்கல் இருந்தால் நானே முதலில் கவலைப்படுவேன், உதவிக்கு உங்களிடம்தான் ஓடி வருவேன். உண்மையான கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் எழுத ஆளும் கிடைக்க வேண்டும். மலையாளம் வராததையும் எழுத்தே வராததையும் ஒரே கூடையில் போட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

இன்னொரு முடிச்சு ஐந்தாம் வகுப்பில் விழுகிறது. நாலு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, ஐந்தில் பலர் மலையாளவழிக்கோ ஆங்கிலவழிக்கோ மாறுகிறார்கள். கொஞ்சம் பேர் மலை இறங்கி, தேனியிலோ சங்கரன்கோவில் பக்கமோ தாத்தா பாட்டி வீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் போகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், வேலை கிடைக்கிற மொழியைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். இருமொழிக் கல்வியை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் சொன்னது இங்கே அச்சாகப் பொருந்துகிறது: புது மொழியில் விளையாடிப் பேச இரண்டு வருடம் போதும், பாடம் படிக்கிற அளவுக்கு அது ஊற ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். பத்து வயதில் மாறுகிற பிள்ளைக்கு அந்த ஏழு வருடம் முடியும்போது பத்தாம் வகுப்பே கடந்துபோயிருக்கும். நடுவில் ஏழாம் வகுப்பில் நீங்கள் வருகிறீர்கள். மைதானத்தில் மலையாளம் சரளமாகப் பேசுகிற பையன் அறிவியல் வகுப்பில் பேந்தப் பேந்த விழிக்கிறான். உங்கள் தாளில் அது 'ஊக்கக் குறைவு'. அதே வயதில்தான் உடம்பும் மாறுகிறது, குரல் உடைகிறது, பெண் பிள்ளை பெரியவள் ஆகிறாள். எது மொழியால் வந்த மௌனம், எது வயதால் வந்த மௌனம் என்று ஒரு நாள் வந்து போகிறவரால் சொல்லவே முடியாது. நாலாம் வகுப்பிலும் ஐந்திலும் ஏழிலும் அவனைப் பார்த்திருந்தால் சொல்லலாம்.

இந்த மலையின் பழங்குடியினரான முத்துவான் மக்களின் குடிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் ஒரு படி கூடுதல். அவர்கள் வீட்டில் பேசுவது எங்கள் தமிழும் இல்லை, உங்கள் மலையாளமும் இல்லை. அதை எழுத எனக்குத் தகுதியில்லை. அவர்களில் படித்தவர்கள் எழுதட்டும்.

பிள்ளைமடத்துக்கு வருகிறேன். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைமடம் வைக்கச் சொன்னது. நாங்கள் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டருக்கு முன் அம்மா பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார். தொட்டில், பால், தூக்கம், ஆயாவின் அதட்டல், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவது, இதுதான் எங்கள் முதல் உலகம். ஒரு மாணவி ஆயாவிடம் கேட்கச் சொன்னார்: அம்மா விட்டுப் போகும்போது குழந்தை அழுகிறதா? இல்லை. திரும்பி வரும்போது ஓடிப் போய் ஒட்டிக்கொள்கிறதா? எப்போதாவது. 'விலகல் வகைப் பிணைப்பு', அதாவது குழந்தை தாயிடம் ஒட்டாமல் விலகி நிற்கிறது என்று எழுதிக்கொண்டார்.

அந்த மாணவிக்குச் சொல்கிறேன்: தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த மேரி ஐன்ஸ்வொர்த்தின் பால்டிமோர் சோதனை அறையைத்தான் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்: இருபது நிமிடம், ஒரு நாற்காலி, ஒரு அந்நியர், போய் வருகிற தாய். அதற்கு முன் அவர் எங்கே இருந்தார் என்பதையும் சொல்லித் தந்திருக்க வேண்டும். 1954, 1955-இல் உகாண்டாவில், கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில், 26 குடும்பங்களின் வீட்டுக்கே போனார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், மாதக்கணக்கில். குழந்தை யாரைத் தேடுகிறது, யார் மடியிலிருந்து தைரியமாக இறங்கிப் போகிறது, எதற்குத் திரும்பி ஓடி வருகிறது என்று உட்கார்ந்து பார்த்தார். இருபது நிமிட அறை அந்தப் பொறுமையிலிருந்து பிறந்தது. அந்த அறையையே ஜெர்மனியின் பீலஃபெல்டுக்கும் ஜப்பானின் சப்போரோவுக்கும் கொண்டுபோனபோது என்ன ஆயிற்று? பீலஃபெல்டில் 'விலகல்' வகைதான் அதிகம். சப்போரோவில் அந்த வகை ஒன்றுகூட இல்லை. தனியே விடப்பட்டதும் தாங்க முடியாமல் அழுத குழந்தைகள்தான் நிறைய. அந்த ஊர்த் தாய்மார் குழந்தையைப் பிரிந்தே பழக்கமில்லாதவர்கள். எங்கள் குழந்தையோ தினமும் பிரிந்து பழகியது. அழாமல் இருப்பது அதற்கு அன்பு இல்லாததால் இல்லை, சாயங்காலம் அம்மா வருவாள் என்று தெரிந்ததால் இருக்கலாம். ஆயாவிடமும் அக்காவிடமும் அது எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தீர்களா? 'இருக்கலாம்' என்று நான் சொல்வதை 'இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ மாற்றுகிற வேலை உங்களுடையது. ஒரு மழைக்காலம் முழுக்க பிள்ளைமடத்து வாசலில் உட்கார்ந்தால் அது நடக்கும்.

குழந்தையின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, கைக்குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதியது தன் மூன்று பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான். அவருடைய படிநிலைகள் பாடத்திட்டத்தில் இருக்கின்றன, அந்தப் பொறுமையை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பெரிய பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு வருத்தம் இன்னும் அதிகம். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் 'எதிர்காலம் குறித்த நம்பிக்கை' என்று ஒரு பகுதி கேட்கிறீர்கள். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய்? எங்கள் பிள்ளைகள் 'தெரியாது' என்று குறிக்கிறார்கள். மதிப்பெண் குறைகிறது, மனச்சோர்வின் அறிகுறி என்று வாசிக்கிறீர்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. அப்பா அம்மாவுக்கு வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். யாராவது தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்தால்தான் கூரை நிலைக்கும். நாலைந்து தலைமுறை இங்கேயே இருந்தும், சாதிச் சான்றிதழுக்குப் போனால் 1950-க்கு முன் தாத்தா இங்கே இருந்ததற்குத் தாள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக்குப் போனால் 'கேரளாக்காரப் பையன்', கோட்டயத்துக்குப் படிக்கப் போனால் 'பாண்டி'. இந்த நிலையில் 'தெரியாது' என்பது நோய் இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்வது. நான் யார் என்ற கேள்விதான் வளரிளம் பருவத்தின் முக்கியமான வேலை என்று சொன்ன எரிக் எரிக்சன், தன்னைப் பெற்ற அப்பாவை அறியாதவர், பிற்காலத்தில் தன் குடும்பப் பெயரையே தானே வைத்துக்கொண்டவர். அவர் இருந்தால் எங்கள் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியை டிக் அடிக்கிற கட்டமாகக் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். யார் யார் உன்னை எந்த ஊர்க்காரன் என்கிறார்கள், நீ எதை ஏற்றுக்கொள்கிறாய் என்று பேசவிட்டிருப்பார். பேசவிட்டால் பேசுவார்கள். ராத்திரி முழுக்கப் பேசுவார்கள்.

கேள்வித்தாள்களின் தமிழும் ஒரு சங்கடம். பிள்ளைகளின் மனநிலையையும் நடத்தையையும் அளக்கிற குட்மனின் 25 கேள்விப் பட்டியலுக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது, நல்லது. ஆனால் ஏட்டுத் தமிழில் 'நான் அடிக்கடி மகிழ்ச்சியற்று இருக்கிறேன்' என்பது போன்ற வரியை எட்டாம் வகுப்புப் பெண் அடுத்தவர் வீட்டுக் கடிதம் மாதிரி படிக்கிறாள். அவள் சொல்வது 'மனசு பாரமா இருக்கு', 'நெஞ்சை அடைக்குது'. சின்னவர்களுக்கு எல்லாமே 'வயித்த வலிக்குது'. வயிற்று வலி என்று வாரம் இரண்டு தடவை என்னிடம் வருகிற பிள்ளையை நான் உடனே சுகாதார நிலையத்துக்கு அனுப்ப மாட்டேன். முதலில் வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்று விசாரிப்பேன். அந்த அறிவு உங்கள் பட்டியலில் ஏற இடமே இல்லை.

எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்களோடு 70 பேரை மண் மூடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் உண்டு. அன்றிலிருந்து இந்த மலையில் தகரக் கூரையில் பெரிய மழை விழுந்தால் தூங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். பெட்டிமுடியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் அப்படித்தான். 'கடந்த இரண்டு வாரமாக நன்றாகத் தூங்கினாயா?' என்று ஜூலையில் கேட்டால் ஒரு பதில், ஜனவரியில் கேட்டால் வேறு பதில். நீங்கள் எப்போதும் ஜனவரியில்தான் வருகிறீர்கள், ரோடு நன்றாக இருக்கும் என்று. அதனால் உங்கள் அறிக்கைகளில் எங்கள் பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள்.

சம்மதம் பற்றி ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: பெற்றோர் சம்மதம் வேண்டும், ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்திலும் ஒப்புதல் கேட்க வேண்டும். இங்கே தோட்ட ஆபீஸில் அனுமதி, தலைமையாசிரியர் கையெழுத்து, அதோடு சரி. கொழுந்துக் காட்டில் நிற்கிற அம்மாவுக்குத் தன் மகளிடம் என்ன கேட்டார்கள் என்றே தெரியாது. வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். நான் சொன்னபோது இரண்டு பேர் எழுந்து போனார்கள். வந்திருந்த மாணவருக்கு முகம் மாறிவிட்டது; எனக்கோ அன்று அந்தத் தாளில் கிடைத்த நம்பகமான பதிலே அதுதான் என்று பட்டது.

இனி, என்ன வேண்டும் என்று சொல்கிறேன். ஹவாய்த் தீவுகளில் காவாய் என்று ஒன்று. அங்கேயும் தோட்டங்கள்தான், கரும்பும் அன்னாசியும். வேலைக்கு ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து நிலைத்த குடும்பங்கள். 1955-இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் ஒரு வயதில், இரண்டில், பத்தில், பதினெட்டில், முப்பத்திரண்டில், நாற்பதில் என்று பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, பிரசவச் சிக்கல் எல்லாம் சேர்ந்து ஆபத்தில் இருந்த பிள்ளைகளிலேயே மூன்றில் ஒருவர் நல்லபடியாக வளர்ந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒரு பெரியவர் இருந்தார்: பாட்டி, பக்கத்து வீட்டார், ஆசிரியர். ஒரு தடவை வந்து அளந்து போயிருந்தால் அந்த மூன்றில் ஒருவரும் 'பின்தங்கியவர்' பட்டியலில்தான் இருந்திருப்பார்கள். தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் பிறக்கிற தமிழ்ப் பிள்ளைகளை அப்படி ஒரு இருபது வருடம் யாராவது தொடர்ந்து பார்க்கட்டும்.

காசும் ஆளும் இல்லை என்பீர்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாகி 1991-இல் வெளிவந்த வளர்ச்சிப் பட்டியலில் மொத்தம் 17 செயல்கள்தான். தாளில் குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பேனாவைச் செங்குத்தாக வைத்தால் போதும், எது தாமதம் என்று அங்கன்வாடி ஊழியருக்கே தெரிந்துவிடும். அப்படி எளிமையாக யோசித்தவர்கள் இந்த மாநிலத்துக்காரர்கள். அதே மாதிரி தமிழ்ப் பேச்சுக்கும் எழுத்துக்கும், எங்கள் பிள்ளைகளிடமே தரவு எடுத்து ஒரு பட்டியல் செய்ய முடியாதா? ஆள் இங்கேயே இருக்கிறார்கள். பட்டம் முடித்துவிட்டு ஜீப் ஓட்டுகிறவர்களும் ரிசார்ட்டில் வேலை பார்க்கிறவர்களும் லயத்துக்கு லயம் உண்டு. அவர்களில் நாலு பேரைக் களப்பணிக்குப் பயிற்றுங்கள். ஓரிருவருக்கு உங்கள் முதுகலை வகுப்பில் இடம் கொடுங்கள். என்னை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். பிள்ளைகள் பதில் சொல்லும்போது என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், டீச்சருக்குப் பிடித்த பதிலைத் தேடி.

அறிக்கை எழுதியதும் இரண்டு பக்கம் தமிழில் பள்ளிக்கு அனுப்புங்கள். பி.டி.ஏ. கூட்டத்தில் நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம். தவறாகப் பட்டால் திருப்பி எழுதுவோம், அதையும் தரவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஜூனில் திறக்கிறது. முதல் இரண்டு வாரம் வேண்டாம், புதுப் பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு எந்த நாள் வந்தாலும் தங்க இடம் ஏற்பாடு செய்கிறேன். ஸ்வெட்டரும் அட்டைக்கு உப்பும் எடுத்து வாருங்கள். மழைக்காலத்தில் போன் எடுக்காது, முன்கூட்டியே கடிதம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தேவிகுளம் தாலுகாவில் ஒரு தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை